மாமனாரும் மண் வீடும்

கேள்வி: அழுத்திய மண்கல்லில் வீடு கட்ட ஆசை. ‘ஒரே மழையில் கரைந்து குளத்துக்குப் போய்விடும்’ என்கிறார் மாமனார். அஸ்திவாரம் எதில் போடுவது?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: மாமனார் சொல்வது பாதி சரி. (மீதிப் பாதியை அவரிடம் விளக்க வேண்டாம், பணம் அவருடையதாக இருக்கலாம்.) மண் சுவருக்கு எமன், கீழிருந்து ஏறும் ஈரமும் தரையில் விழுந்து தெறிக்கும் மழையும்தான். எனவே அஸ்திவாரமும் பேஸ்மட்டமும் கருங்கல்லில் இருக்கட்டும். தரைக்கு மேல் ஒன்றரை அடியாவது எழும்பட்டும். கருங்கல் தண்ணீர் குடிக்காது. ஆனால் இடுக்கில் பூசிய கலவை நன்றாகவே குடிக்கும். அதனால் பேஸ்மட்டத்தின் தலையில் வாட்டர் புரூஃப் பவுடர் கலந்த கான்கிரீட் பட்டை ஒன்று சுற்றி ஓட வேண்டும். அதன்மேல்தான் முதல் மண்கல். ‘அதெல்லாம் எதுக்கு சார்?’ என்பார் மேஸ்திரி. டீ வாங்கிக் கொடுத்து, பக்கத்திலேயே நின்று போட வையுங்கள். கூரையையும் இரண்டடி வெளியே நீட்டுங்கள்.

ஆரோவில்லில் 5 சதவீத சிமென்ட் சேர்த்த மண்கல்லில் மாடிக் கட்டடங்களே நிற்கின்றன. மாமனாரை ஒருமுறை கூட்டிப்போய்க் காட்டலாம். உங்கள் மனை கரிசல் மண்ணாக இருந்தால் மட்டும் கதை வேறு. அது மழையில் வீங்கும், கோடையில் வெடிக்கும். பொறியாளரிடம் காட்டாமல் வானம் தோண்டாதீர்கள்.