பக்கத்து பெஞ்ச்

பதின்ம வயது மாணவரின் படிப்பில் வீட்டுக்கு அடுத்த பங்கு உடன் படிப்பவர்களுக்கு. 1966இல் அமெரிக்காவில் சுமார் 6 லட்சம் மாணவர்களை ஆராய்ந்த சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன், பள்ளியின் வசதிகளைவிட உடன் படிப்பவர்கள் யார் என்பதே முக்கியம் என்றார். ஓசூர், கிருஷ்ணகிரிப் பெற்றோருக்கு இதற்கு ஆராய்ச்சி தேவைப்படவில்லை. "என் பையன் தங்கம் சார், சேர்க்கைதான் சரியில்லை." பெற்றோர் கூட்டத்துக்கு வரும் அத்தனை பேரும் இதையே சொல்வதால், கெடுத்தவன் யார் என்பது மட்டும் எந்த வருஷமும் துலங்குவதில்லை.

ஓசூர் எல்லையோர ஊர். ஒரே பெஞ்சில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் உட்கார்ந்திருக்கும். சிப்காட் வேலைக்கு வந்த குடும்பங்களால் இந்தியும் சேர்ந்துகொண்டது. 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ் கட்டாயப் பாடம். வீட்டில் தெலுங்கு பேசும் பையனுக்கு எங்கே 'ர', எங்கே 'ற' என்று சொல்லித் தருபவன் பக்கத்துப் பையன். அவனுக்கே அதில் தகராறு என்பதால் இரண்டு விடைத்தாளிலும் ஒரே இடத்தில் சிவப்பு வட்டம் விழும்.

வீட்டுப்பாடம் பரவுவது பாகலூர் பக்கமிருந்து வரும் பஸ்ஸில். ஒரு நோட்டு மூன்று மடிகளுக்குப் போகும். முதல் நோட்டின் 17, மூன்றாவதில் 71 ஆகியிருக்கும். வேகத்தடைகள் எங்கெங்கே என்பது கையெழுத்திலேயே தெரியும். இதிலும் நன்மை உண்டு. எழுதுகிறவன் "இது ஏன்டா மைனஸ் ஆச்சு?" என்று கேட்டு, கொடுத்தவன் விளக்க ஆரம்பித்தால், விளக்கியவனுக்குத்தான் கணக்கு நன்றாகப் பதியும்.

இது தெரியாமல் பெற்றோர், முதல் மார்க் வாங்குகிறவன் பக்கத்தில் தம் பிள்ளையை உட்காரவைக்கும்படி கேட்கிறார்கள். அவனுக்கு இருப்பதோ இரண்டே பக்கம். சுவரோரம் என்றால் ஒன்றுதான்.

அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் குலுக்கல்போல அறை ஒதுக்கப்பட்ட மாணவர்களை ஆராய்ந்த புரூஸ் சாசர்டோட், அறைத்தோழரால் மதிப்பெண் ஓரளவு மாறுகிறது, எந்தச் சிறப்புப் பாடம் எடுப்பது என்பது மாறுவதில்லை என்று 2001இல் எழுதினார். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரத்தில் ஓசூருக்கு வந்திருந்தால் இரண்டாவது முடிவைத் திருத்தியிருப்பார். இங்கே ஒருவன் ஃபர்ஸ்ட் குரூப் எடுத்தால் நாலு பேரும் ஃபர்ஸ்ட் குரூப். ஒருவன் ஐடிஐயில் ஃபிட்டர் என்றால் நாலு பேரும் ஃபிட்டர். கணக்கு வருமா என்ற கேள்வி காலாண்டுத் தேர்வு முடிந்துதான் எழும். குரூப் மாற்றித் தரச்சொல்லி ஹெச்.எம். அறை வாசலில் நிற்பதும் அதே நாலு பேர்தான்.