சூரியனுக்கும் ஒரு காது

மீஞ்சூர் வெயிலே போதாதா? சூரியனைப் பார்க்கத் தொலைநோக்கி வேறு எதற்கு?

பார்க்க அல்ல, கேட்க! 1942 பிப்ரவரியில் பிரிட்டிஷ் ராணுவ ரேடார்களைக் குழப்பியது யார் என்று ஆராய்ந்த ஜே.எஸ். ஹே, எதிரியைக் கண்டுபிடித்தார்: ஜெர்மனி அல்ல, சூரியன் வீசிய ரேடியோ அலை.

நம் ஊரில் அப்படி ஒரு காது உண்டா?

ஊட்டி அருகே முத்தோரையில் ஒரு ரேடியோ தொலைநோக்கி. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர், இயங்குவது 1970-லிருந்து. அதை உருவாக்கிய வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் இடம் பிடித்த சாமர்த்தியமே தனி. மலைச்சரிவு சுமார் 11 டிகிரி; அந்த இடத்தின் அட்சரேகையும் அதுவே. அதனால் ஆன்டெனாவின் அச்சு பூமியின் அச்சுக்கு இணை. ஒரே அச்சில் திருப்பி, ஒரு வான்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் பின்தொடரலாம்.

சூரியப் புயல் கிளம்பியது அதற்கு எப்படித் தெரியும்?

தொலைதூர ரேடியோ மூலங்கள் கண் சிமிட்டும். சூரியன் வீசிய மின்னூட்ட வாயு குறுக்கே வந்தால் சிமிட்டல் கூடும். பல திசைகளில் அளந்தால் புயலின் வேகமும் போக்கும் பிடிபடும். பூமியை எட்டப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாள் ஆகும் என்பதால், முன்னறிவிப்புக்கு அவகாசம் உண்டு.

மேகம் மூடினால்?

ரேடியோ அலைக்கு மேகம் ஒரு திரையா என்ன?

அனல்மின் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறோம். சூரியப் புயல் வந்தால் எங்கள் கரண்ட்டும் போகுமா?

1989 மார்ச் 13-ல் கனடாவின் கியூபெக்கில் போனது. சுமார் 60 லட்சம் பேர் ஒன்பது மணி நேரம் இருட்டில். மின்கம்பிகளுக்கு ஆபத்து துருவப் பக்கம்தான் அதிகம். மீஞ்சூரில் முதலில் தடுமாறக்கூடியது ஜிபிஎஸ்.