வெளியூர் மாப்பிள்ளை

ஏறாவூரில் முப்பது வருஷம் குடியிருந்தாலும் அவருக்குப் பெயர் கிடையாது. அடையாள அட்டையில் இருக்கிறது, பிள்ளைகளின் பள்ளிக்கூட இடாப்பில் இருக்கிறது, ஊர் வாயில் மட்டும் இல்லை. காலியிலிருந்து வந்தவர் காலி மாப்பிள்ளை. கண்டிப் பக்கத்து ஆள் கண்டி மாப்பிள்ளை. தாடி வெளுத்து, பேரப்பிள்ளை கண்டு, பல்லில் பாதி போன பிறகும் மாப்பிள்ளைதான். எழுபது வயது ஆளை மாப்பிள்ளை என்று கூப்பிடும் ஊர் இலகுவில் கிடைக்காது. அதற்காகவாவது அவர் எங்களுக்கு நன்றி சொல்லலாம்; சொல்லமாட்டார்.

காலிக்காரரையும் கொழும்பாரையும் இங்கே விட்டுவிடுகிறேன். அவர்கள் கடலைக் கண்டவர்கள், மீன் தெரியும். எனக்குப் பிரியமானவர் கண்டி மாப்பிள்ளை. அக்குறணை, மடவளை, கல்ஹின்னை என்று மலைக்குள்ளிருந்து இறங்கி வருகிறவர். நாங்கள் 'இரிக்கி' என்றால் அவர் 'ஈக்கி' என்பார். நாங்கள் சிரித்தால் கோபிப்பார்.

அவர் எப்படி வந்தார்? ஏறாவூருக்குப் பக்கத்தில் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986இல் பல்கலைக்கழகமானது. அங்கே படிக்க வரும் மலைநாட்டுப் பையன் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு ஏறாவூர் வருவான். தொழுகை முடிய யாராவது ஒரு பெரியவர் சோற்றுக்குக் கூப்பிடுவார். அந்தப் பெரியவருக்கு மகள் இருப்பாள். பட்டத்தோடு போனவர்கள் அநேகம். போகாமலே நின்றுவிட்டவர்களும் உண்டு. இன்னும் சிலர் வங்கிக்கும் கந்தோருக்கும் மாற்றலாகி வந்து, திரும்ப மாற்றல் கேட்க மறந்தவர்கள்.

அங்கே தொடங்குகிறது வில்லங்கம். கிழக்கில் கலியாணம் முடித்தால் பெண் வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்திறங்குவார். மகள் பிறந்ததுமே வாப்பா கல்லும் சீமெந்தும் கணக்குப் பார்க்கத் தொடங்குவார். கலியாணத்தோடு வீடு மகள் பெயருக்குப் போகும். பெற்றவர்கள் மிச்சப் பிள்ளைகளோடு பக்கத்து வளவில் இன்னொரு வீட்டுக்கு நகர்வார்கள். தமிழர் வீட்டிலும் முஸ்லிம் வீட்டிலும் இதே கதைதான். டெனிஸ் மக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் இந்தக் கரையோரத்துத் தாய்வழி முறையை வருஷக்கணக்காகப் படித்து 2008இல் தடித்த புத்தகமொன்று போட்டார். மட்டக்களப்பு முக்குவரின் தாய்வழிச் சொத்து முறையை கிறிஸ்டோபர் பிரிட்டோ 1876இல் 'முக்குவர் சட்டம்' என்று அச்சிட்டார். அதே 1876இல் வெள்ளைக்காரன் புதுச் சட்டம் கொண்டுவந்து அதை முடித்துவைத்தான். சட்டம் போனது, மாமி போகவில்லை.

ஆகவே கண்டி மாப்பிள்ளைக்குக் கோபம் வந்தால் கதவை அடித்துச் சாத்த முடியாது, கதவு மனைவியுடையது. கோபித்துக்கொண்டு படலையைத் தாண்டினால் இந்தப் பக்கம் பெரிய மச்சினி வீடு, அந்தப் பக்கம் சின்ன மச்சினி வீடு. "எங்க மச்சான் போறீங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்பார்கள். இரண்டு வீட்டிலும் தேத்தண்ணி குடித்து முடிய எந்தக் கோபமும் நிற்காது.

முதல் பகல் சாப்பாட்டைச் சொல்லாமல் இவரைப் புரியவைக்க முடியாது. விடியக் களப்பில் பிடித்த கொடுவாவும் இறாலும். பால் ஆணம், பொரியல், முருங்கையிலைச் சுண்டல், மாசிச் சம்பல். மாப்பிள்ளை மீன் துண்டை எடுத்து மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். மோந்து பார்த்தார். திருப்பி வைத்தார். மனைவியிடம் மெதுவாகக் கேட்டார்: "இதுல மீன் வாசமே இல்லியே. நல்ல மீன்தானா?"

குற்றம் அவரில் இல்லை. திருகோணமலையிலோ நீர்கொழும்பிலோ லொறி ஏறி, ஐஸில் கிடந்து, மலையேறி வந்த மீனைத்தான் அவர் சின்ன வயதிலிருந்து மீன் என்று அறிந்திருக்கிறார். வாசம் இல்லாவிட்டால் அவருக்குச் சந்தேகம் வரத்தானே செய்யும்? ஆனால் பழைய காலத்து மாமி மருமகனோடு நேருக்கு நேர் பேசமாட்டா. முக்காட்டை இழுத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்று மகளோடு பேசுவா. சத்தம் மட்டும் மருமகனுக்குக் கேட்கும் அளவில் இருக்கும்.

"அவருக்கிட்டச் சொல்லு புள்ள, நாறுற மீன் வேணுமெண்டா நாளைக்கு மட்டும் வெச்சித் தாறன் எண்டு."

பிறகு தயிர்ச் சட்டி வந்தது. எருமைத் தயிர், சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது. மாப்பிள்ளை முகத்தில் அப்போதுதான் வெளிச்சம். எழும்பிப் போய்ப் பெட்டியைத் திறந்து, சாரனுக்குள் சுற்றி வைத்திருந்த போத்தலைக் கொண்டுவந்தார். ஊரிலிருந்து கொண்டுவந்த கித்துள் பாணி. தயிரின் மேல் வட்டமாக ஊற்றி, கண்ணை மூடிக்கொண்டு தின்றார். கதவு மறுபடியும் பேசியது: "தேன் இரிக்கிற ஊருக்குப் பாணி கொண்டு வந்திரிக்காரு!" மட்டக்களப்பாருக்குத் தேன் என்றால் மானப் பிரச்சினை. அன்று முழுக்க அந்தப் போத்தலை யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஒரு மாதம் போக, தான் கந்தோருக்குப் போன நேரங்களில் போத்தலில் பாணி இறங்குவதை மாப்பிள்ளை கண்டுபிடித்தார். பேனையால் கோடு போட்டு வைத்தார். பின்னேரம் வந்து பார்த்தால் பாணி கோட்டுக்குக் கீழே. பிள்ளைகள் இன்னும் பிறக்கவில்லை. மாமாவுக்குச் சீனி வருத்தம். மனைவிக்கு இனிப்புப் பிடிக்காது. கண்டி மாப்பிள்ளை விசாரணையை அத்தோடு நிறுத்தியது அவருடைய வாழ்க்கையிலேயே புத்தியான காரியம்.

வீட்டில் பேச முடியாததை எல்லாம் அவர் சந்தைப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் பேசுவார். பிளேன்டீயை ஒரு மிடறு குடித்துவிட்டு, "தூள் எங்கட மலைலேந்து வந்ததுதான், வழியில மௌத்தாப் பெய்த்து" என்பார். பிட்டைப் பற்றிக் கருத்து வைத்திருக்கிறார். வெயிலைப் பற்றி வைத்திருக்கிறார். பொலோஸைப் பற்றிக் கேட்காமல் விடுவது நல்லது. பிஞ்சுப் பலாக்காயை மண்சட்டியில் இரவிரவாக மெல்லிய நெருப்பில் கறுக்க வேகவைப்பதை அவர் விளக்கி முடிப்பதற்குள் அஸருக்குப் பாங்கு சொல்லிவிடும். தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று எங்கள் பக்கத்து மேடைகளில் முழங்குவார்கள். அந்தப் பிட்டுக் குழலுக்குள் கண்டி மாப்பிள்ளைக்கு எந்த இடம் என்று ஒரு பேச்சாளரும் இதுவரை சொன்னதில்லை.

ஊர்ச் சாப்பாட்டுக்கு ஏங்கும் இந்த வருத்தம் இலங்கைக்கு மட்டும் சொந்தமானதல்ல. ஐரோப்பாவின் நடுவில் செக் நாடு இருக்கிறது. கடல் என்பதே இல்லை. ஆளுக்கு இத்தனை லீற்றர் என்று பியர் குடிப்பதில் உலகத்தில் முதலிடத்துக்காரர்கள். அது நமக்கு வேண்டாம், மீனுக்கு வருவோம். நத்தாருக்கு முந்திய இரவு அவர்களுக்குப் பொரித்த கெண்டையும் உருளைக்கிழங்குச் சலாதும் இல்லாமல் ஆகாது. தெற்கே த்ரெபோன் குளங்களில் வளர்ந்த கெண்டையைத் தெருவோரத் தொட்டிகளில் உயிரோடு விற்பார்கள். சில வீடுகளில் அதைக் கொண்டுவந்து குளியல் தொட்டியில் நீந்த விடுவார்கள். பிள்ளைகள் பெயர் வைத்துவிடும். பிறகு அறுக்க மனம் வராது. செதில் ஒன்றைப் பணப்பையில் வைத்தால் காசு சேரும் என்ற நம்பிக்கை வேறு. 'க்னெட்லீக்' என்று ஒன்றும் உண்டு: மாவை நீள உருட்டி அவித்து, நூலால் துண்டு துண்டாக அறுத்து, குழம்பில் தோய்த்துத் தின்பது. இப்படியொரு செக்காரர் கடற்கரை நாட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு போனால் என்ன நடக்கும்? முன்னால் கடல் முழுக்க மீன் கிடக்க, குளத்துக் கெண்டைக்கு ஏங்குவார். அவருடைய மாமியும் கதவுக்குப் பின்னால் நின்று ஏதாவது சொல்லத்தான் சொல்வா.

பெருநாளைக்கு எங்கள் ஆள் ஊருக்குப் போவார். கையில் ரெஜிபோம் பெட்டி நிறைய இறால், மடியில் தயிர்ச் சட்டி. பொலன்னறுவை தாண்டும் வரைக்கும் பஸ்ஸில் மலைநாட்டின் புகழ் பாடுவார். தம்புள்ளை கழிய ஒரு மாதிரி அமைதியாவார். உம்மா வீட்டில் உட்கார்ந்து, உம்மா ஆசையோடு வைத்த மீன் கறியை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய், "இது நாறுதே உம்மா, எங்கட ஊர்ல இப்பிடி மீன நாய்க்கும் வெக்கிறல்ல" என்பார். எந்த ஊரில் இல்லையோ அந்த ஊருக்கு அவர் உயிரையும் கொடுப்பார்.

ஏறாவூர் அவரைப் பதிவேட்டில் எங்கே சேர்ப்பதென்று திணறியது உண்மைதான். எங்கள் ஆட்களுக்குத் தாய்வழியில் குடி உண்டு. ஒரே குடிக்குள் கலியாணம் செய்யக்கூடாது. முன்பெல்லாம் பள்ளிவாசல் மரைக்காயரையே குடிப்படிதான் வைத்தார்கள். "நீங்க என்ன குடி?" என்று கேட்டால், அக்குறணை என்றார். அது ஊர். வாப்பாவின் பரம்பரைப் பெயரைச் சொன்னார். வாப்பாவை யார் கேட்டது? கடைசியில் கலியாணத் தரகர்தான் தீர்த்துவைத்தார்: குடியே இல்லாத மாப்பிள்ளை எந்தக் குடியோடும் முட்டமாட்டார், எந்த வீட்டுக்கும் பொருந்துவார்!

தரகர் வியாபாரத்துக்காகச் சொன்னாலும் ஊர் வரலாறு அவர் பக்கம்தான். முன்னொரு காலத்தில் முக்குவருக்கும் திமிலருக்கும் சண்டை மூண்டபோது, வெளியிலிருந்து வந்த பட்டாணியர் முக்குவருக்குத் துணைநின்று திமிலரை விரட்டினார்கள் என்றும், அதற்குக் கைம்மாறாக முக்குவப் பெண்களைக் கட்டிக்கொண்டு இங்கே குடியேறினார்கள் என்றும் மட்டக்களப்பில் ஒரு கதை வழிவழியாகச் சொல்கிறார்கள். கதை சரியென்றால் எங்கள் மூத்த வாப்பாமார் எல்லாரும் வெளியூர் மாப்பிள்ளைகள். முதல் நாள் சோற்றில் அவர்களும் எதையாவது மோந்து பார்த்திருப்பார்கள். முக்குவ மாமிமாரும் சும்மா விட்டிருக்கமாட்டார்கள்.

ஆகவே ஏறாவூரில் கலியாணம் முடிக்க எண்ணியிருக்கும் மலைநாட்டுத் தம்பிமாருக்கு ஒரு வார்த்தை. மீனை மோந்து பார்க்க வேண்டாம். கித்துள் பாணி கட்டாயம் கொண்டு வாருங்கள், இரண்டு போத்தலாக. இரண்டாவதை எடுத்துக்கொண்டது யார் என்று கேட்காதீர்கள்.