சுலுவு மேஸ்திரி

எண்ணூர் விரைவுச் சாலையில் நிற்கும் கன்டெய்னர் லாரி வரிசை எப்போது நகரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ராயபுரத்துச் சந்து ஒன்றில் பியானோ ஏற்றிய குட்டியானை வண்டி வந்து நின்றால், பின்கதவைத் திறப்பதற்குள் சுலுவு மேஸ்திரி ஆஜராகிவிடுவார் என்று அடித்துச் சொல்லலாம். யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். கைலியை மடித்துக் கட்டி, காதில் ஒரு பீடியைச் செருகிக்கொண்டு பியானோவைச் சுற்றி வருவார். அதன் முதுகில் ரெண்டு தட்டு. பிறகு, கயிறோடு நிற்கும் ஆட்களை ஏற இறங்கப் பார்ப்பார்.

"இதுக்கா இத்தினி பேரு? சுலுவா தூக்கலாம் நைனா!"

வீட்டுக்காரருக்கு அன்றைய பகல் அத்தோடு போயிற்று.

இவர் தனி ஆள் இல்லை. காசிமேட்டில் ஒருவர், தண்டையார்பேட்டையில் ஒருவர், திருவொற்றியூர் தேரடிப் பக்கம் இரண்டு பேர் (அவர்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது), எர்ணாவூரில் ஒருவர் என்று பகுதிக்கொருவராக இருக்கிறார்கள். சிலர் ஹார்பரில் வின்ச் ஓட்டி ரிட்டயரானவர்கள். சிலர் கம்பெனியில் மெஷின் இறக்கிப் பழகியவர்கள். இன்னும் சிலருக்கு ஹார்பரில் வேலை பார்த்த மாமா மட்டும்தான் உண்டு. ஆனால் அதிகம் பேசுகிறவர்கள் அவர்கள்தான். எல்லாருக்கும் பொதுவான நம்பிக்கை ஒன்று: உலகத்தில் பாரம் என்று எதுவும் கிடையாது, பிடிக்கத் தெரியாத பயல்கள்தான் உண்டு.

மற்ற சாமான்கள் அவருடைய தகுதிக்குப் போதாது. பீரோவுக்கு வர மாட்டார். பிரிட்ஜ் இறங்கினால் டீக்கடை பெஞ்சிலிருந்தே ஒரு பார்வை, அவ்வளவுதான். பியானோ என்றால் மட்டும் எழுந்துவிடுவார். ரயில்வேக் குடும்பங்கள் இருந்த ராயபுரத்தில் பழைய பியானோக்களுக்குப் பஞ்சமில்லை. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் இங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. அந்த ரயிலை நம்பி வந்த ஆங்கிலோ-இந்தியர்களின் வீடுகளில் பியானோவும் ஒரு குடும்ப உறுப்பினர். பிள்ளைகள் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பும்போது, கூட வராத உறுப்பினரும் அதுதான். அப்போது அது கைமாறும். சர்ச்சுக்குப் போகும், பாட்டு சொல்லிக்கொடுக்கும் டீச்சர் வீட்டு மாடிக்குப் போகும். மேஸ்திரிக்கு வேலை வரும்.

பரம்பரைப் பெருமையும் கொஞ்சம் உண்டு. 1861-ல் கடலுக்குள் இரும்புத் தூண் நட்டு இறங்குதுறை கட்டும் வரை மெட்ராஸில் கப்பல் கரையை அணைய முடியாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போடும். மசூலா படகு போய்ச் சரக்கை ஏற்றிக்கொண்டு அலையைத் தாண்டி வரும். ஆணி அடிக்காமல், பலகைகளைக் கயிற்றால் தைத்த படகு அது. அலை மோதினால் வளைந்துகொடுக்கும், உடையாது. சீமையிலிருந்து வந்த எந்தச் சாமானும் கடைசிக் கொஞ்ச தூரத்தை அப்படித்தான் கடந்தாக வேண்டும், பியானோ உட்பட. அந்தப் படகுக்காரர்கள் கட்டியதுதான் ராயபுரத்து ராயப்பர் கோயில். "எங்க தாத்தாவுக்குத் தாத்தா அலைமேல கொண்டாந்த பொட்டிமா இது. நீ இன்னாமா படிக்கட்டுக்குப் போய் பயப்படுற?" என்று மேஸ்திரி டீச்சரம்மாவைக் கேட்பார். அந்தப் பியானோ 1930-க்கு அப்புறம் செய்ததாக இருக்கலாம். அவர் அசர மாட்டார்.

இனி பெட்டியைப் பற்றி. நிமிர்ந்து நிற்கும் சாதாரண பியானோ 200 முதல் 300 கிலோ. கச்சேரி மேடையில் கிடக்கும் பெரிய கிராண்ட் 500 கிலோவை நெருங்கும். மரப்பெட்டிதானே என்று கை வைக்கிறவனை உள்ளே இருக்கும் வார்ப்பிரும்புச் சட்டம் ஏமாற்றிவிடும். இருநூற்றுச் சொச்சம் கம்பிகள் முறுக்கேறி இழுக்கிற இழுப்பு மொத்தம் 15, 20 டன் வரும். அதைத் தாங்க அத்தனை இரும்பு வேண்டும். அந்த இரும்பு இருப்பது பின்பக்கம். ஆகவே முன்னால் பிடிக்கிறவனுக்குப் பேர், பின்னால் பிடிக்கிறவனுக்கு முதுகுவலி. முதுகில் தட்டிப் பார்த்த மேஸ்திரிக்கு இது தெரியும். பின்னால் யாரை நிறுத்துவது என்று அவர் யோசிப்பதே இல்லை. வீட்டு மருமகன் எங்கே என்று கேட்பார்.

அடியில் குட்டிக் குட்டியாய்ப் பித்தளைச் சக்கரம் இருக்கிறதே, தள்ளிக்கொண்டே போகலாமே என்பார் யாராவது. அது ஹாலில் அரையடி நகர்த்துவதற்கு வைத்தது. நம் தெருப் பள்ளத்தைப் பார்த்தால் அது செத்துப்போகும்.

சரி, சுலுவான வழிதான் எது? நாலு ஆள், ரெண்டு பட்டை, ஒரு பலகை இருந்தால் கால் மணி நேரத்தில் உள்ளே வைத்துவிடலாம். அது கஷ்டமான வழி. சுலுவான வழிக்கு முதலில் மூன்று ஜிஐ பைப் துண்டு வேண்டும். பைப்புக்கு ஒரு பையன் சைக்கிளில் போவான். பைப் வந்ததும் சாக்கு வேண்டும். சாக்கு வந்ததும், மாடி ஜன்னல் வழியாகவே ஏற்றிவிடலாமே என்று தோன்றும். செயின் பிளாக்குக்கு இன்னொரு பையன் போவான். ஜன்னல் கம்பியை எடுக்க வெல்டர் வருவார். ஆம்ஸ்டர்டாம் நகரத்து வீடுகளில் உச்சியில் ஒரு உத்தரம் நீட்டி, கொக்கி வைத்தே கட்டியிருப்பார்கள். மாடிப்படி அவ்வளவு ஒடுக்கம், சாமானெல்லாம் ஜன்னல் வழிதான். மேஸ்திரிக்கு அந்த ஊர் தெரியாது. தெரிந்தால் இங்கே இருக்க மாட்டார். நம் வீட்டில் கொக்கிக்குப் பதில் பால்கனிக் கைப்பிடிதான் இருக்கிறது, அதையும் ஹவுஸ் ஓனர் மேலே நின்று காவல் காக்கிறார். செயின் பிளாக் திரும்பிப் போகும். வெல்டருக்கு டீயும் பஜ்ஜியும். அதுவும் வீட்டுக்காரர் கணக்கு.

1932-ல் லாரலும் ஹார்டியும் 'தி மியூசிக் பாக்ஸ்' என்று ஒரு படம் எடுத்தார்கள். படம் முழுக்க ஒரு பியானோவை நீளமான படிக்கட்டில் ஏற்றுவதுதான் கதை; குறும்படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. செத்துச் சுண்ணாம்பாகி மேலே கொண்டுபோய்ச் சேர்த்த பிறகு, மேலே வரை வண்டி வரும் சாலை இருக்கிறது என்று தபால்காரர் சொல்வார். உடனே இரண்டு பேரும் பியானோவைப் படிக்கட்டில் கீழே இறக்கி, வண்டியில் ஏற்றி, சாலை வழியாக மறுபடி மேலே கொண்டுவருவார்கள். பார்த்தவர்கள் இதை நகைச்சுவை என்கிறார்கள். மேஸ்திரியிடம் காட்டினால், முறையாகச் செய்திருக்கிறார்கள் என்றுதான் சொல்வார்.

மெல்லிசைக் குழுப் பையன்கள் அவருக்கு ஆகாது. லேசான 88 கட்டை கீபோர்டு பதினைந்து கிலோகூட இராது. உறையில் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு பைக்கில் போய்விடுவார்கள். பாரம் தூக்கும் கேள்விக்கு இதைவிடச் சுலபமான பதில் கிடையாது. அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. "பேக்குக்குள்ள பூந்துக்கிற சாமான் எல்லாம் ஒரு சாமானா?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். பழைய பியானோவில் கட்டைக்கு மேலே யானைத் தந்தம் ஒட்டியிருக்கும். குட்டியானைமேல் யானைத் தந்தம் போகிற காட்சியை அந்தப் பையன்களால் கொடுக்க முடியுமா?

ஆனால் ஒன்று. மாடிப்படி பாதியில் திரும்புகிற இடத்தில் அவரைப் பார்க்க வேண்டும். அங்கேதான் எல்லோருக்கும் மூச்சு முட்டும். பெட்டி சுவரில் இடிக்கும், மருமகன் கண் செருகும். அதுவரை பீடியோடு வாயால் வேலை பார்த்த மனுஷன் சட்டென்று பேச்சை நிறுத்துவார். துறைமுகத்துப் பழைய பாஷையில் "ஆரியா... ஆரியா" என்று மெதுவாகச் சொல்வார், இறக்கு என்று அர்த்தம். கடப்பாரையின் நுனியை ஓரத்தில் விரலளவு நுழைத்து, ஒரு மரத்துண்டை அடியில் தள்ளுவார். அழுத்துவது உள்ளங்கையால்தான். பெட்டி அரை அங்குலம் எழும். இன்னொரு துண்டு. பிறகு மடித்த சாக்கின்மேல் ஒரு மூலையை ஊன்றி, அவ்வளவு இரும்பையும் அந்த மூலையிலேயே சுழற்றித் திருப்பிவிடுவார். தேரோட்டத்தில் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவரின் நிதானம் அது. வார்னிஷில் ஒரு கீறல் இராது.

உள்ளே வைத்ததும் டீச்சரம்மா ஒரு கட்டையை அழுத்திப் பார்ப்பார். சுருதி விலகியிருக்கும்.

"அது நம்ம தூக்குனதுல இல்லமா. கடக்காத்து."

இதையும் சும்மா சொல்லவில்லை. மரப்பலகை ஈரத்தில் உப்பினால் கம்பியின் இழுப்பு மாறும். புது இடத்துக் காற்று பழக ரெண்டு மூன்று வாரம் விட்டுத்தான் டியூன் செய்யச் சொல்வார்கள். மேஸ்திரி கூலி கேட்க மாட்டார். கொடுத்தால் வேண்டாம் என்றும் சொல்ல மாட்டார்.

ஆகவே வடசென்னையில் பியானோ மாற்றப்போகிறவர்களுக்குச் சொல்லிவைக்கிறேன். தரைத்தளம் என்றால் காலை ஆறு மணிக்குள் சத்தமில்லாமல் இறக்கிவிடுங்கள், ஆறரைக்கு அவர் டீக்கடைக்கு வந்துவிடுவார். மாடிப்படியில் திருப்பம் இருந்தால் ஆறரை வரைக்கும் காத்திருங்கள்.