வயரு எதுக்குங்கிற பேராண்டிக்கு

வாய்யா பேராண்டி. அக்கா கல்யாண வரவேற்புக்குப் பாட்டுப் போடுற பொறுப்பு ஒனக்காமே? போனு சட்டைப் பையில இருக்குமாம், மேடையில ஸ்பீக்கரு பாடுமாம், நடுவுல வயரே கிடையாதாம். ப்ளூடூத்து! நேத்தே டெஸ்ட் பண்ணிட்டேங்கிறே. மண்டபத்துக் கடைசி நாற்காலியில இருந்தே பாடுச்சாக்கும்?

அப்ப மண்டபத்துல யாருய்யா இருந்தா? நீயும் வாட்ச்மேனும்.

நாளைக்கு ஐநூறு சனம் வரும்ல? அங்கதான் இருக்கு சூட்சுமம். ப்ளூடூத்து போறது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில. தண்ணிய கண்டா அந்த அலை பாதியில படுத்துக்கிரும். மனுச உடம்புல பாதிக்கு மேல தண்ணிதான. ஒங்க பெரியப்பா ஒருத்தரு குறுக்க வந்து நின்னாப் போதும், பாட்டு விக்க ஆரம்பிச்சிரும். ஐநூறு பெரியப்பா வந்தா? போதாக்கொறைக்கு வைஃபையும் அதே அலையில ஓடும். காலி மண்டபத்துல பாடுனத நம்பி நீ மீசைய முறுக்குறே.

சரி, விக்காமப் பாடுதுன்னே வச்சுக்க. போனு யாருது? ஒன்னுது. கடன்காரன் கூப்புட்டா பாட்டு நின்னுபோயி ரிங்டோனு மேடையில கேக்கும். அதாவது பரவால்ல. பந்தியில ஒக்காந்து, சித்தி அனுப்புன வாய்ஸ் மெசேஜை மெல்லத் தொடுவே பாரு. மாப்ள வீட்டுப் பலகாரத்தப் பத்தி அவ பேசுனது மாப்ளயோட அம்மாவுக்கே கேக்கும், அதுவும் நாலு பாக்ஸுல! வயரு போட்டு மிக்ஸர் பக்கத்துல வச்சிருந்தா, அந்தப் போனத் தொட ஒனக்குக் கை எட்டுமா?

பெரிய திரையில வீடியோ வேற ஓட்டப் போறியாமே. ப்ளூடூத்துல சத்தம் கொஞ்சம் பிந்தித்தான் வரும். மாப்ள வாயசைச்சு முடிச்ச பெறகு பாட்டு வரும், போ.

வயரு பழசுங்கிறே. மிக்ஸர்ல சொருகுற அந்தத் தடிப் பின்னு, 1800-கள்லயே டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல குத்துனது. எனக்கே தாத்தா. இன்னும் பாடுதுல்ல? 2016-ல ஆப்பிள் கம்பெனிக்காரன் ஐபோன் 7-ல இயர்போன் ஓட்டைய அடைச்சான். அதுக்குப் பேரு தைரியம்னு மேடை ஏறிச் சொன்னான்யா! ஓட்டைய அடைக்கிறது தைரியம்னா, எங்க ஊரு கொத்தனாருக்கு எத்தன மெடல் குடுக்கணும்?

ஒம்போன்லயும் ஓட்ட இல்லியா? சார்ஜர் சொருகுற எடத்துல மாட்ட குட்டி வயரு ஒண்ணு விக்கிறான், வாங்கு. போன்ல சத்தத்த முக்காவாசிக்கு மேல வச்சுட்டு, மிச்சத்த மிக்ஸர்ல கூட்டு. போன்ல கம்மியா வச்சு மிக்ஸர்ல திருகுனா உஸ்ஸுன்னு எரைச்சல்தான் வரும்.

இல்ல, காத்துலதான் விடுவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறியா? பாட்டையெல்லாம் முன்னாடியே டவுன்லோடு பண்ணிக்க. ஃபிளைட் மோடுல போட்டுட்டு ப்ளூடூத்த மட்டும் தொற. ரிசீவரு பக்கத்துலயே ஒசரமான எடத்துல போன வையி. ம்ம்... பக்கத்துலயேதான் வைக்கணும். என்ன முழிக்கிறே?

அது கெடக்கட்டும். மைக் செட்டு தம்பி காலையில இருந்து பாக்ஸு தூக்குறானே, சாப்ட்டானான்னு கேட்டியா? மொதல்ல ஒரு எலயப் போடச் சொல்லு. ஆக்ஸ் வயரு அவன் பெட்டிக்குள்ளதான் கெடக்கு.