இதர / இதர

இணையத்தில் கோப்புக் காப்பகத்தைக் கட்டிக் காக்கிறவர் அதில் கிடக்கும் மென்பொருள்களில் பத்தைக்கூட ஓட்டிப் பார்த்திருக்க மாட்டார். நேரம் ஏது? உலகம் முழுக்க உட்கார்ந்து எழுதி அனுப்பிக்கொண்டே இருக்கிறது. சதுரங்கம், வட்டிக் கணக்கு, திரையில் சும்மா நீந்தும் மீன், எல்லாம் இலவசம். கல்யாண வீட்டில் மொய் எழுத உட்கார்ந்தவர் மாதிரி, யார் வந்தார், எந்த ஊர், என்ன கொடுத்தார் என்பதெல்லாம் இவருக்கு அத்துப்படி. பந்தியில் என்ன போட்டார்கள் என்று மட்டும் கேட்கக் கூடாது.

1990களில் செழித்த ரகம் இது. முன்னோடிகளும் உண்டு. அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவில், ஒயிட் சாண்ட்ஸ் ஏவுகணைத் தளத்து ராணுவக் கணிப்பொறி ஒன்றில் சிம்டெல் என்ற காப்பகம் 1993 வரை குடியிருந்தது. நாட்டைக் காக்க வாங்கிய இயந்திரத்தில் ஊரார் எழுதிய சில்லறை மென்பொருள்கள் ஒழுங்காகப் பிரித்து அடுக்கப்பட்டிருந்தன. இதை எப்படி விட்டுவைத்தார்கள் என்று தோன்றும். அடுக்கியிருந்த நேர்த்தியைப் பார்த்து ஏதோ ராணுவ விஷயம்தான் என்று அதிகாரிகள் பேசாமல் போயிருப்பார்கள் என்பது என் ஊகம்.

1992இல் அமிகா கணிப்பொறிக்காரர்களுக்கென்று அமிநெட் வந்தது, சுவிட்சர்லாந்து மாணவர்களின் கைங்கரியம். ஏறக்குறைய அதே காலத்தில் டெக் அச்சுக்கோப்பு மென்பொருளுக்கு சிடான். அதைப் பார்த்து 1995இல் பெர்ல் மொழிக்கு சீபான். இடம் எதுவானாலும் உள்ளே இருந்த ஆள் ஒரே ஆள்தான். இரவு பதினொன்றரைக்கு, சம்பளமில்லாமல், கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ‘இது எந்த அடைவுக்குப் போகும்?’ இதுதான் அவருடைய தியான மந்திரம்.

அனுப்புகிறவர்கள் லேசுப்பட்டவர்களா? அமிநெட்டுக்கு ஒரு கோப்பை அனுப்பினால் கூடவே ஒரு ரீட்மீ கோப்பும் வர வேண்டும். ஆசிரியர் யார், எந்த வகை, என்ன செய்யும் என்று அதில் எழுத வேண்டும். சுருக்க விவரத்துக்கு நாற்பது எழுத்துதான் அனுமதி. மனிதனுக்கு நாற்பது எழுத்தைக் கொடுத்தால் என்ன செய்வான் என்பதைக் கண்டறிந்த பெருமை இவரைச் சேரும். ‘இதுவரை உலகத்தில் வெளிவந்தவை எல்லாவற்றிலும் மிக மிகச் சிறந்த’ என்று தொடங்குவான், அதிலேயே இடம் தீர்ந்துவிடும். எதில் சிறந்தது என்பது அந்தரங்கம். இன்னொருவர் ‘புதிய பதிப்பு! எல்லாப் பிழைகளும் நீக்கப்பட்டன!’ என்று எழுதியிருப்பார். மறுநாளே அதற்கும் ஒரு புதிய பதிப்பு வரும்.

டாஸ் இயங்குதளக் காலத்துப் பெயர்கள் தனிக் கொடுமை. கோப்பின் பெயருக்கு எட்டு எழுத்து, புள்ளிக்குப் பிறகு மூன்று. அதற்குள் அடங்க வேண்டுமென்று உயிரெழுத்தையெல்லாம் பிடுங்கி எறிந்திருப்பார்கள். நமக்கு வாயில் நுழையாது. இவர் சரளமாகப் படிப்பார்.

பதிப்பு எண்ணில் வரும் வம்பு வேறு. 1.9க்கு அடுத்தது 1.10 என்று எழுதியவர் சொல்கிறார். எழுத்தெழுத்தாய் ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் கணிப்பொறி 1.10ஐத்தான் முதலில் வைக்கும். ஆகவே பழசு புதுசாகி, புதுசு பழசாகி, ஏமாந்து இறக்கியவர்கள் இவரைத்தான் திட்டுவார்கள். இந்த விஷயத்தில் இவர் மனசாரக் கும்பிடும் ஒரே ஆசாமி டொனால்ட் கனூத். அவருடைய டெக் மென்பொருளின் பதிப்பு எண் ஒவ்வொரு திருத்தத்துக்கும் பை என்ற கணித எண்ணை நோக்கி ஒரு இலக்கம் நீளும். 2021இல் 3.141592653. உலகம் இதை மேதையின் விளையாட்டு என்று ரசிக்கிறது. எந்தக் கணிப்பொறி வரிசைப்படுத்தினாலும் இடம் மாறாதே என்று இவர் கண்கலங்குகிறார்.

இருக்கட்டும். இவருடைய நிஜமான துக்கம் ‘இதர’. அமிநெட்டில் விளையாட்டு, படம், இசை, கருவி என்று பெரிய அடைவுகள். பெரும்பாலானவற்றின் அடியிலும் ‘இதர’ என்று ஒரு சின்ன அடைவு. எந்தப் பெரிய அடைவிலும் சேராதவற்றுக்கு ‘இதர’ என்றே ஒரு பெரிய அடைவு. அதிலும் சேராதவை? அதன் அடியில் இன்னொரு ‘இதர’. அதாவது, இதரவில் இதர. கதையல்ல, நிஜமாகவே இருக்கிறது. அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டியவர்களுக்குக்கூட இந்த உயரம் எட்டியதில்லை.

அங்கே போய்ச் சேரும் ஒவ்வொரு கோப்பும் இவருக்குத் தோல்வி. ஆகவே திடீரென ஒரு ஞாயிற்றுக்கிழமை வேகம் வந்து இதரவைக் கிளறுவார். வானியல் மென்பொருள் நான்கு அகப்படும். ஆனந்தமாக ‘வானியல்’ என்று ஒரு அடைவைத் திறந்து நான்கையும் குடியேற்றுவார். உலகெங்கும் உள்ள பிரதித் தளங்கள் ராவோடு ராவாக இந்த மாற்றத்தை நகலெடுத்துக்கொள்ளும். காலையில் நாலாப் பக்கமும் இருந்து ‘என் கோப்பைக் காணோம்’ என்று அஞ்சல்கள் குவியும். அதற்கெல்லாம் பதில் எழுதி முடிக்கையில் ஐந்தாவதாக ஒன்று வந்து நிற்கும். கடல் ஏற்றவற்ற நேரத்தைச் சொல்லும் மென்பொருள். நிலாவால் நடப்பது, ஆகவே வானியலா? மீனவருக்கு உதவுவது, ஆகவே தொழிலா? இரண்டு இடத்திலும் வைத்தால் என்ன என்று பக்கத்தில் இருப்பவர் கேட்டுவிடக் கூடாது. ‘அப்புறம் அடுக்குவதே எதற்கு?’ என்று பாய்வார்.

தேடுபொறிகள் வந்தபின் அடைவு பார்த்து இறங்குகிறவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று நண்பர்கள் சொல்லிப் பார்த்தார்கள். காதில் வாங்கினால்தானே? அன்றைக்கு அவர் மும்முரமாக இருந்தார். வந்திருந்தது தட்டச்சு பழக்கும் மென்பொருள். மேலேயிருந்து எழுத்துகள் குண்டுகளாக விழும்; சரியாகத் தட்டினால் வெடிக்கும். கல்வியா, விளையாட்டா? இரண்டு நாள் யோசித்து, ஆசிரியருக்கே அஞ்சல் எழுதினார். ‘ஐயா, தங்கள் படைப்பு விளையாட்டா இல்லையா? ஒரே வரியில் தெரிவிக்கவும்.’ அன்று மாலையே பதில் வந்தது. ‘அதெல்லாம் தட்டுகிறவர் பக்கத்தில் வாத்தியார் நிற்கிறாரா இல்லையா என்பதைப் பொறுத்தது.’

எண்ணிப் பார்த்தார். நாற்பதுக்கு மேல் போயிருந்தது. சுருக்கி எழுதும்படி திருப்பி அனுப்பினார்.