கிரவுன் ஆயிலும் ஆரல்வாய்மொழிக் காற்றும்

ஜீப்போ லாரியோ, பின் அச்சின் நடுவில் உருண்டையாக ஒன்று தொங்குமே, அதுதான் டிஃப்ரன்ஷியல். சுசீந்திரம் தேர் ரதவீதி முக்கில் திரும்பும்போது உள்வடம் பிடித்தவர் நின்ற இடத்திலேயே அசைவார். வெளிவடக்காரருக்கு ஓட்டமும் நடையும். வண்டிச் சக்கரங்களுக்கும் அதே கதி. இந்த வழக்கைப் பல்சக்கரம் வைத்து 1820களில் தீர்த்தவர் பெக்கூர் என்ற பிரெஞ்சுக் கடிகாரக்காரர்.

எங்கள் வீட்டில் நிற்பது மட்டித் தார் சுமந்தே கிழடான மகேந்திரா ஜீப். இங்கே, நாகர்கோவில் பக்கம், வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம். ஓடையில் இறங்காமல் தோட்டத்துக்குப் போக முடியாது. சூடான அச்சு தண்ணீரில் சட்டென்று குளிரும்போது, மேலேயுள்ள பிரீதர் என்ற காற்றுத்துளை அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். உள்ளேயிருந்த கிரவுன் ஆயில் வெளுத்துவிட்டது, மூடித்தகடும் துருவில் கசிந்தது. முற்றத்திலேயே மாற்றிவிடுவோம் என்றேன். வீட்டுக்காரி பதில் சொல்லவில்லை, காயப்போட்ட துணிகளை எடுத்து உள்ளே வைத்தாள்.

காரணம் ஆனி மாசம். ஆரல்வாய்மொழி வழியே வந்து முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றுகிற காற்று என் முற்றத்தை மட்டும் விட்டுவைக்குமா?

"கீழ உள்ள போல்ட்ட களத்தும்வே!" என்றார் பக்கத்து வீட்டு அண்ணாச்சி. கல்யாணத்துக்குப் புறப்பட்டவர், வெள்ளை வேட்டியோடு வந்து நின்றுகொண்டார். நான் ஆயில் ஊற்றுகிற துளையின் அடைப்பைத்தான் முதலில் திறந்தேன். அது துருவேறி வராமல் போனால், எல்லாம் வடித்த பிறகு வண்டி முற்றத்துச் சிலைதான். பிறகு பத்து போல்ட்டில் மேலே இரண்டை மட்டும் லேசாகத் தளர்த்திவிட்டு, மற்றதைக் கழற்றி, தகட்டின் அடியை நெம்பினேன். ஆயில் சட்டியை நோக்கித்தான் இறங்கியது. பாதி வழியில் காற்று அதைத் திசைதிருப்பி வேட்டிக்கு அனுப்பிவைத்தது. அண்ணாச்சி கல்யாணத்துக்குப் போகவில்லை.

தகட்டில் மையாக ஒட்டியிருந்த இரும்புத்தூள் தேய்மானம், பயமில்லை. பல்லின் துண்டு கிடந்தால்தான் பட்டறைக்கு ஓட வேண்டும். சுரண்டித் துடைத்து, சிலிக்கோன் பசை தடவி, புதுத் தகட்டை முறுக்கி, ஈ.பி. 90 ஆயிலைத் துளை வழியாக வழியும்வரை ஊற்றினால் முடிந்தது.

நாற்றம்தான் முடியவில்லை. பல்சக்கர ஆயிலில் கந்தகச் சேர்மானம் உண்டு, சோப்புக்கு மசியாது. மறுநாள் நாகர்கோவில் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் மோந்து பார்த்துவிட்டு, "எந்த ஆசானுக்க தைலம்? முட்டு வலி கொறஞ்சா?" என்றார். வர்ம ஆசான்கள் நிறைந்த மாவட்டம், அவர் கேட்டதில் தப்பில்லை.

நீங்களும் செய்யலாம். ஆனி, ஆடி மட்டும் வேண்டாம். வடித்த ஆயிலை வாழை மூட்டில் கொட்டாதீர்கள். வேட்டி கட்டி வருகிறவரை முதலில் அனுப்பிவிடுங்கள்.